புரட்டாசிப் புல்

தை மாதம் நெடுந்தீவுக்குப் போய்வந்தவரும் புரட்டாசியில் போய்வந்தவரும் ஒரே தீவைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றாது. முதலாமவர் குறிகாட்டுவானில் படகேறி மாவிலித்துறையில் இறங்கியவர். தரவையெங்கும் அறுகு பச்சைபிடித்துக் கிடந்ததையும் குட்டிகளோடு குதிரைகள் மேய்ந்ததையும் சொல்வார். இரண்டாமவர் சொல்வது வெடித்துக் கிடக்கும் குளத்தின் அடித்தரை, சோளகக் காற்றோடு எழும் புழுதி, தூரத்திலிருந்தே விலா எலும்பை எண்ணக்கூடிய குதிரை. இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் இந்தத் தீவில் எத்தனை குதிரை உயிர்வாழலாம் என்பதைத் தீர்மானிக்கிறது இரண்டாமவர் பார்த்த மாதம். நாம் பேசுவதும் எழுதுவதும் எப்போதும் முதலாமவர் பார்த்த மாதத்தைப் பற்றி.

நெடுந்தீவுக் குதிரைகள் இந்த மண்ணில் தோன்றியவை அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். தீவின் பழைய பெருமை மாடு. போர்த்துக்கேயர் இதைப் பசுக்களின் தீவு என்றே அழைத்தார்கள். தமிழிலும் பசுத்தீவு என்ற பெயர் வழங்கியதுண்டு. குதிரை அவர்களோடு வந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு ஊர்களின் பெயரைச் சூட்டினார்கள். புங்குடுதீவு மிடில்பேர்க் ஆனது, நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். பெயர் வைத்ததோடு நிற்காமல் குதிரை வளர்ப்பை ஒரு வருமானமாகவும் நடத்தினார்கள். யாழ்ப்பாணத்தின் ஒல்லாந்தக் கொமாண்டர் ஹென்றிக் ஸ்வார்டகுரூன் 1697இல் தமக்குப் பின் வருவோருக்கென எழுதிவைத்த நீண்ட குறிப்பில் நெடுந்தீவோடு இரணைதீவும் குதிரைத் தீவாகப் பேசப்படுகிறது. பிரித்தானியர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்ற லெப்டினன்ட் தீவின் பொறுப்பில் இருந்து இந்தத் தொழிலைத் தொடர்ந்தார். சாராப்பிட்டிப் பக்கம் இன்று இடிபாடாக நிற்கும் குதிரை லாயத்தின் முருகைக்கல் தூண்கள் அந்தக் காலத்தின் மிச்சம்.

சுற்றுலா வழிகாட்டிகள் இந்தக் கதையை இவ்விடத்தோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஏற்பாட்டின் உள்ளமைப்பு. தீவுக்கு வேலி கடல், அதற்குச் செலவில்லை. ஆனால் அந்த வேலியில் ஒரு படலை இருந்தது. வளர்ந்த குதிரைகளைப் பிடித்துப் பழக்கித் தீவுக்கு வெளியே கொண்டுபோனார்கள். பிறந்தவற்றில் ஒரு பங்கு வெளியேறியதால் மிஞ்சியவற்றுக்குப் புல் மிஞ்சியது. குதிரைக்குத் தேவையில்லாமற்போன காலத்தில் லாயம் கைவிடப்பட்டது, படலையும் மூடிக்கொண்டது. கடல் மட்டும் வேலியாகவே இருக்கிறது. எண்ணிக்கை பெருகினால் குறைக்கும் வேலையை அன்று வியாபாரம் செய்தது. இன்று வறட்சி செய்கிறது.

குதிரையின் வயிற்றைப் புரிந்துகொண்டால் இந்தச் சிக்கலின் பாதி விளங்கிவிடும். மாடு அசைபோடும் பிராணி. உண்டதை முதலில் பெரிய இரைப்பையில் ஊறவைத்து, நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கவைத்து, திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து அரைக்கும். கொஞ்சப் புல்லிலிருந்து நிறையச் சத்தை அதனால் எடுக்க முடியும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. அதன் இரைப்பை உடம்புக்கு மிகச் சிறியது. நொதித்தல் நடப்பது பின்னால், பெருங்குடலிலும் அதன் தொடக்கத்திலுள்ள பெரிய பையிலும். உணவு வேகமாகக் கடந்துபோகிறது, சத்துப் பிழிவது குறைவு. அந்தக் குறையை அது அளவால் ஈடுகட்டுகிறது: நாளில் பதினைந்து, பதினாறு மணிநேரம் வரை மேய்ந்துகொண்டே இருக்கும்.

இதன் விளைவு தீவுக்கு நேரடியானது. முற்றிப்போன, நார் மிகுந்த, சத்துக் கெட்ட புல்லாக இருந்தாலும் நிறையக் கிடைத்தால் குதிரை மாட்டைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். மாட்டால் அந்த நாரை அவ்வளவு விரைவாக வயிற்றைவிட்டு அகற்ற முடியாது. ஆனால் புல்லின் அளவே குறைந்துவிட்டால் தோற்பது குதிரை. மாசி, பங்குனியில் காய்ந்த புல் உயரமாக நிற்கும்வரை குதிரைகள் மினுமினுப்பாகவே இருக்கும். ஆடிக்குப் பிறகு, நின்ற புல்லும் தீர்ந்ததும், அவற்றின் உடம்பு சில வாரங்களில் உடைந்துவிடும். மாடு வளர்ப்பவருக்கு இது புதிராகத் தெரியும். மாடு அப்படிச் சட்டென்று விழாது.

இன்னொரு வேறுபாடு பல்லில் இருக்கிறது. மாட்டுக்கு மேல் முன்பல் இல்லை. நாக்கால் வளைத்துப் பற்றிப் பிடுங்கும், ஆகவே அடியில் ஒரு பகுதி தப்பிவிடும். குதிரைக்கு மேலும் கீழும் முன்பல் உண்டு. கத்தரிக்கோல் மாதிரித் தரையோடு ஒட்ட நறுக்கும். புல் தன் சேமிப்பை வைத்திருப்பது தண்டின் அடியில். அதையும் இழந்த புல் அடுத்த மழைக்குத் துளிர்ப்பது தாமதமாகும். மணற்பாங்கான நிலத்தில் தரையோடு மேயும் குதிரை புல்லோடு மணலையும் விழுங்கும். அது பெருங்குடலில் படிந்து வயிற்றுச் சூலையை உண்டாக்கும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியே வரவேண்டும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். நெடுந்தீவுக் குதிரை சிறிய ஆகிருதி; ஒன்று 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குதிரை ஒரு நாளில் தன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்ந்த தீவனம் உண்ணும்: நான்கு கிலோ. மாசி தொடங்கிப் புரட்டாசி முடிய எட்டு மாதம், 240 நாள். ஒரு குதிரைக்கு 960 கிலோ, கிட்டத்தட்ட ஒரு தொன். தீவில் எத்தனை குதிரை என்று கேட்டால் சில நூறு முதல் ஆயிரம் வரை ஆளுக்கொரு எண் சொல்வார்கள். ஐந்நூறு என்று கொண்டாலும் 480 தொன். அந்தப் புல் மார்கழிக்குள் முளைத்து நின்றிருக்க வேண்டும், அதிலும் மாடும் ஆடும் தின்றது போக மிஞ்சியிருக்க வேண்டும். வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்கிறது. அதன் பிறகு முளைப்பது பேருக்குத்தான்.

தண்ணீர்க் கணக்கு புல்லைவிடக் கடினமானது. 200 கிலோ எடையுள்ள குதிரை சாதாரண நாளில் பத்து லீற்றர் குடிக்கும். வெயிலில் காய்ந்த புல்லைத் தின்னும்போது பதினைந்து, இருபது வரை போகும். பால் கொடுக்கும் தாய்க்கு இன்னும் கூடுதலாக வேண்டும். ஐந்நூறு குதிரைக்குச் சராசரி 15 லீற்றர் என்றால் நாளுக்கு 7,500 லீற்றர். ஒரு பவுசர் தண்ணீர். எழுதிப் பார்த்தால் எண் சிறியதாகத் தெரிகிறது. ஆனால் தண்ணீர் தேவைப்படும் இடமும் கிணறு இருக்கும் இடமும் ஒன்றல்ல. கிணறு மனிதனுக்காகக் கட்டப்பட்டது. கட்டும் கப்பியும் வைத்த கிணற்றில் தண்ணீர் எட்டடி ஆழத்தில் தெரிந்தாலும் குதிரைக்கு அது இல்லாத தண்ணீர்தான்.

கிணற்றிலும் அள்ளக்கூடிய அளவுக்கு எல்லை உண்டு. சுண்ணக்கல்லாலான இந்தத் தீவுகளில் மழைநீர் தரைக்குள் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு ஓரடி மேலே நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு அது இறங்கியிருக்கும் என்பது நீரியலில் பழைய கணக்கு. நெடுந்தீவு போன்ற தாழ்ந்த தீவில் மேலே நிற்பதே கொஞ்சம். இறைக்க இறைக்க மேற்பகுதி ஓரங்குலம் தாழ்ந்தால் அடியிலிருந்து சவர் பல அங்குலம் மேலேறும். மோட்டார் வைத்து ஒரே கிணற்றில் இறைத்து ஐந்நூறு குதிரைக்குத் தண்ணீர் காட்டப்போனால் அந்தக் கிணறு மனிதருக்கும் உதவாமற் போகும். பல இடங்களில் கொஞ்சங் கொஞ்சமாக எடுப்பது ஒன்றே வழி. குதிரை ஓரளவு உவர்ப்பைத் தாங்கும். ஆனால் லீற்றருக்கு ஆறு கிராம் அளவில் உப்புக் கரைந்திருந்தால் அது ஆபத்தின் விளிம்பு. கோடையின் கடைசியில் குட்டைகளில் வற்றி நிற்கும் நீர் அந்த விளிம்பை எளிதாகத் தாண்டும்.

இப்படிப்பட்ட தீவுக் குதிரைகளை உலகம் எப்படிப் பார்க்கிறது? கனடாவின் கிழக்குக் கரைக்கப்பால் சேபிள் தீவில் ஐந்நூறு அளவில் குதிரைகள் உண்டு. 1960களின் தொடக்கத்திலிருந்து சட்டப் பாதுகாப்பில் உள்ளன; 2013 முதல் அத்தீவு தேசியப் பூங்கா ஒதுக்ககம். அங்கே தீவனமும் கொடுப்பதில்லை, வைத்தியமும் பார்ப்பதில்லை. கடும் பனிக்காலம் வந்தால் சாகின்றன, நல்ல ஆண்டில் பெருகுகின்றன. அதை நெடுந்தீவுக்கு உதாரணம் காட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சேபிளில் ஊரில்லை, மாட்டுப்பட்டி இல்லை, நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் மக்கள் இல்லை. அங்கே குதிரைக்குப் போட்டி குதிரைதான்.

அமெரிக்காவின் அசட்டீக் தீவு நமக்குக் கிட்டத்து உதாரணம். ஒரே தீவு, நடுவில் மாநில எல்லை, இரு பக்கமும் இரு வழிமுறை. வேர்ஜீனியாப் பக்கத்துக் குதிரைகள் சிங்கட்டீக் ஊரின் தொண்டர் தீயணைப்புப் படைக்குச் சொந்தம். 1925இல் தொடங்கிய வழக்கமாக ஜூலையில் அவற்றைக் கால்வாயில் நீந்தவைத்து அக்கரைக்குக் கொண்டுவந்து குட்டிகளில் பலவற்றை ஏலம் விடுகிறார்கள். வளர்ந்த குதிரை 150க்கு மேல் இருக்கக்கூடாது என்பது அங்கே நிபந்தனை. ஒல்லாந்தர் காலத்துப் படலைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. மேரிலாந்துப் பக்கத்தில் விற்பனை கிடையாது. 1994இல் பெண்குதிரைகளுக்குத் தூரத்திலிருந்து ஊசி அம்பு எய்து கருத்தடை மருந்து செலுத்தத் தொடங்கினார்கள். எண்பதிலிருந்து நூறு வரை வைத்திருப்பது இலக்கு. எதிர்பாராத ஒன்றும் நடந்தது. குட்டி போடாத குதிரைகள் முன்பைவிட நீண்டகாலம் வாழ்ந்தன; அதனால் எண்ணிக்கை குறைய நினைத்ததைவிடக் காலமெடுத்தது. ஆண்டுதோறும் கருவுற்றும் பால்கொடுத்தும் வறட்சியை எதிர்கொள்ளும் நெடுந்தீவுத் தாய்க்குதிரையை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. குதிரையின் கர்ப்பகாலம் பதினொரு மாதம். ஈன்ற பத்து நாளுக்குள்ளேயே அது மறுபடி கருவுறும் நிலைக்கு வரக்கூடும்.

நமக்கு நேரெதிரே, பாக்குநீரிணைக்கு அக்கரையில் கோடியக்கரையிலும் மட்டக்குதிரைகள் உண்டு. அங்கே பிரச்சினை வேறு மாதிரி: வெளிமான்களுக்கென 1967இல் அறிவிக்கப்பட்ட சரணாலயத்தில் குதிரை புல்லுக்குப் போட்டியாக இருக்கிறது, சீமைக்கருவேலக் காயைத் தின்று லத்தி வழியே விதையைப் பரப்பவும் செய்கிறது. குதிரை நிலத்தின் மீது என்ன செய்யும் என்பது அந்த நிலத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நெடுந்தீவில் 2015 ஜூனில் 1,846 ஹெக்டேயர் தேசியப் பூங்காவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. சுமார் 50 சதுர கிலோமீற்றர் தீவில் இது மூன்றிலொரு பங்குக்கும் மேல். அறிவிப்பு நல்லது, ஆனால் தேசியப் பூங்காச் சட்டம் காட்டுயிருக்கானது, குதிரையோ லாயத்திலிருந்து அவிழ்த்துவிடப்பட்ட வளர்ப்பு விலங்கின் வாரிசு. காட்டுயிர் என்றால் இயற்கையிடம் விட்டுவிடலாம். கட்டாக்காலி என்றால் பிரதேச சபை பார்க்க வேண்டும். கால்நடை என்றால் சொந்தக்காரரும் கால்நடை வைத்தியரும் வேண்டும். நெடுந்தீவுக் குதிரை மூன்றுக்கும் நடுவில் நிற்கிறது. மழை தவறிய ஆண்டில் அது சாகும்போது யாரும் கடமை தவறியதாக ஆகாது. என் பார்வையில் அதுதான் உண்மையான நோய்.

பெருந்தீவை விட்டுச் சிறு காணிக்கு வருவோம். குறிகாட்டுவானுக்குப் போகும் வழியில் உள்ள புங்குடுதீவு மடத்துவெளியில் ஒருவர் இரண்டு ஏக்கரில், அதாவது 32 பரப்பில், ஒரு குதிரை வைத்துக்கொள்ள விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மழை நாடுகளில் ஒரு குதிரைக்கு ஓரிரண்டு ஏக்கர் போதும் என்பார்கள். அது ஆண்டு முழுவதும் புல் வளரும் நாட்டுக் கணக்கு. இங்கே அதே நிலம் நாலைந்து மாதத் தீவனத்தைத்தான் தரும். மிச்சத்தை வெட்டி உலர்த்திச் சேர்க்க வேண்டும், அல்லது வாங்க வேண்டும். வைக்கல் வயிற்றை நிரப்பும், உடம்பைக் காக்காது. வளர்ந்த குதிரைக்குத் தீவனத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்காவது புரதம் வேண்டும். வைக்கலில் அதில் பாதிதான் இருக்கும். மழைக்காலத்தில் பூக்குமுன் அறுத்த புல்லை நிழலில் உலர்த்தி, ஈரம் படாமல் பரணில் ஏற்றிவைத்தவருக்கு ஆவணியில் கவலை குறையும். பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்குப் போட்டுத் தப்பலாம் என்று நினைத்தாலும் குதிரைக்குப் போட வேண்டாம்.

காணியை ஒரே துண்டாக விடக்கூடாது. முருகைக்கல் வேலியோ கிளுவை வேலியோ, நாலு துண்டாகப் பிரிக்கலாம். புல் ஒரு சாண் எழுந்ததும் குதிரையை உள்ளே விட்டு, நாலு விரற்கடையாகக் குறைந்ததும் வெளியே எடுக்க வேண்டும். எந்தத் துண்டிலும் புல் அந்த அளவுக்கு இல்லாத மாதங்களில் குதிரை நிற்பதற்கென்று ஒரு துண்டை ஒதுக்கிவிட வேண்டும். அந்தத் துண்டு மிதிபட்டு மண்ணாகப் போகட்டும். மற்ற மூன்றும் பிழைக்கும். வீட்டுக்காரருக்கு இதுதான் மனம் ஒப்பாத காரியம். நாலு துண்டிலும் கொஞ்சங் கொஞ்சம் மேய்ந்தால் என்ன என்று தோன்றும். அப்படி விட்டால் ஐப்பசி மழைக்கு நாலு துண்டிலும் களைதான் முளைக்கும்.

குதிரை தான் லத்தி போடும் இடத்தில் மேயாது. அதனால் சிறு காணியில் பாதி நிலம் மொட்டையாகவும் மறுபாதி உயர்ந்த புல்லாகவும் திட்டுத் திட்டாகிவிடும். லத்தியிலுள்ள புழு முட்டைகள் பொரித்துப் புல்லில் ஏறி மறுபடி வயிற்றுக்குள் போகும். வாரத்தில் இரண்டு முறை லத்தியை அள்ளிக் குவித்து எருவாக்கினால் எந்த மருந்தையும்விட அது அதிகம் செய்யும். குதிரை போன துண்டில் மாட்டை விடுவதும் நல்லது: குதிரையின் புழு மாட்டின் வயிற்றில் பெரும்பாலும் வாழாது, குதிரை ஒதுக்கிய புல்லை மாடு தின்னும். தீவு ஆட்கள் மாட்டையும் குதிரையையும் ஒரே வெளியில் விட்டது அறியாமல் செய்த வைத்தியம். புழுமருந்தை நாட்காட்டி பார்த்து எல்லாக் குதிரைக்கும் கொடுக்கும் பழக்கம் உலகெங்கும் மருந்துக்கு அடங்காத புழுக்களை வளர்த்துவிட்டது. லத்தியில் முட்டையை எண்ணிப் பார்த்து, மிகுந்துள்ள குதிரைக்கு மட்டும் கொடுப்பதே இப்போதைய வழி. மணல் விழுங்குகிறதா என்று அறிய ஒரு கைப்பிடி லத்தியைத் தண்ணீர்ப் போத்தலில் கரைத்து வைத்தால் போதும். மணல் அடியில் தங்கும்.

குளம்பைப் பொறுத்தவரை முருகைக்கல் நிலத்தில் நடமாடும் குதிரைக்கு லாடம் பெரும்பாலும் வேண்டியதில்லை; கட்டிவைத்த குதிரைக்குத்தான் குளம்பு வளர்ந்து கோணும். ஏற்புவலித் தடுப்பூசியை மட்டும் தவறவிடக்கூடாது. வளர்ப்பு விலங்குகளில் குதிரையைப் போல ஏற்புவலிக்கு எளிதில் இரையாவது வேறில்லை.

தீவுக் குதிரைகள் முழுவதற்கும் இதே அக்கறையை எப்படி விரிப்பது? ஆளுக்கொரு எண் சொல்வதை விட்டு, ஆண்டுக்கு இருமுறை, தையில் ஒன்றும் புரட்டாசியில் ஒன்றுமாக, எண்ணவேண்டும். எண்ணும்போதே உடம்பையும் பார்க்கலாம். 1983இல் ஹெனகி என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் வகுத்த ஒன்றிலிருந்து ஒன்பது வரையான அளவுகோல் ஒன்று உண்டு. கழுத்து, தோள், முதுகு, விலா, வாலடி ஆகியவற்றில் கொழுப்பு எவ்வளவு மூடியிருக்கிறது என்பதைப் பார்த்து எண் இடுவது. கிட்டப்போய்த் தடவிப் பார்ப்பதே முறை. என்றாலும் மெலிவின் கடும் நிலைகளை முப்பதடி தூரத்திலிருந்தே இனங்காணலாம். ஆனியிலேயே மூன்றுக்குக் கீழே இறங்கிய தாய்க்குதிரைகள் பல தெரிந்தால், புரட்டாசியில் என்ன நடக்கும் என்று அப்போதே தெரிந்துவிடும். படம் வந்து பத்திரிகையில் செய்தியான பிறகு பவுசர் தேடும் நிலை வராது. தீவின் உயர்தர வகுப்பு மாணவர்கள் ஒரு காலைப்பொழுதில் செய்யக்கூடிய வேலை இது.

எண்ணிக்கை புரட்டாசிப் புல்லுக்குள் அடங்கவில்லை என்றால் இரண்டு வழிதான்: அம்பூசியும் கருத்தடையும், அல்லது பழக்கி வெளியே கொடுப்பது. இரண்டும் செலவு. மன்னாரில் தெருக்கழுதைகளுக்கென ஒரு வைத்திய நிலையம் தொடங்கப்பட்டபோது சிரித்தவர்கள் உண்டு. அந்தக் கழுதைகள் இன்று அந்த ஊரின் அடையாளங்களில் ஒன்று.

தண்ணீருக்கு நம் ஊரிலேயே பழைய வரைபடம் ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களில் மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல், பக்கத்தில் மாடு குடிக்கத் தாழ்வான தண்ணீர்த் தொட்டி என்று ஒரு தொகுதியாகக் கட்டிவைத்தார்கள். வழிப்போக்கனுக்குச் செய்த தருமத்தில் விலங்கின் பங்கும் இருந்தது. மடத்துவெளி என்ற பெயரிலேயே மடமும் வெளியும் சேர்ந்து நிற்கின்றன. புங்குடுதீவிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் 1990களில் இடம்பெயர்ந்து இன்று ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் இருப்பவர்கள் ஊர்க்கோவில் கோபுரத்துக்கும் தேருக்கும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். அடுத்த முறை திருவிழாவுக்கு வரும்போது ஒருநாள் மாவிலித்துறையில் இறங்கி, கிணறும் குதிரையும் ஒன்றையொன்று சந்திக்காத இடம் எதுவென்று பாருங்கள். முழங்கால் உயரத்தில் ஒரு சிமெந்துத் தொட்டி, அதை நாளுக்கு ஒருமுறை நிரப்ப ஊரில் ஒருவருக்குச் சம்பளம். பெயர் பொறிக்க விரும்பினால் தொட்டியின் விளிம்பில் இடமிருக்கிறது.